ஆக்கியோன் பெயர்: ஆராய்ச்சி இதழ்களும் எழுதும் பொறியும்

பாயிரத்துள் கூறப்படவேண்டுவன இவை என எட்டினை வகுத்துரைத்த நன்னூலார், அவற்றுள் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். இம்முறைவைப்பு வாளா அமைந்ததன்று என்பது நம் கருத்து. எழுதினவர் இன்னார் என அறிந்தபின்னரே, இந்நூல் எவ்வழியில் வந்தது, எவ்வெல்லையில் வழங்குவது, யார்பொருட்டு எழுந்தது என்னும் பிற வினாக்களை அவர்பால் தொடுத்தல் இயலும். தொல்காப்பியத்தின் பாயிரமும், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவைக்கண் அதங்கோட்டாசான் கேட்ப அந்நூல் அரங்கேறிய செய்தியை எடுத்துரைக்கின்றது. எழுதினவர் அவை நடுவே நிற்றலும், வல்லார் தடை நிகழ்த்தலும், நின்றவர் விடை இறுத்தலும் ஆகிய மூன்றும் கூடியதே அரங்கேற்றம் எனப்பட்டது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. வினாவினை இட்டால் விடையினைக் கட்டுரையாகவே எழுதித் தரும் இப்பொறியினால், ஆக்கியோன் யார் என்னும் பழைய வினா ஆராய்ச்சி உலகில் புதிதாய் எழுந்துள்ளது. பொறி நல்லதா, தீயதா என்னும் சொற்போருக்குள் நாம் புகவில்லை. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் ஒருவர் பெயர் நிற்கின்றதே, அஃது எதற்காக நிற்கின்றது என்பதனை வரலாற்று வழியில் நோக்குவதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆராய்ச்சி இதழ் என்னும் அமைப்பு 1665இல் தோன்றியது. அவ்வாண்டு சனவரியில் பாரிசு நகரில் 'ழுர்னால் தே சாவான்' என்னும் இதழும், மார்ச்சுத் திங்களில் இலண்டனில் 'பிலசாபிகல் டிரான்சாக்சன்ஸ்' என்னும் இதழும் வெளிவந்தன. பின்னதனைத் தொடங்கியவர் இராயல் கழகத்தின் செயலாளராய் விளங்கிய ஹென்றி ஓல்டன்பர்க். பல நாட்டு அறிஞர்கள் எழுதிய மடல்களைப் பெற்று, தொகுத்து, அச்சிட்டு அவர் பரப்பினார். இதனால் இரண்டு பயன் விளைந்தன. இன்னது கண்டவர் இன்னார், கண்ட நாள் இது எனப் பதிவு ஒன்று ஏற்பட்டது. அதனைப் படித்த பிறர் தாமும் செய்து பார்த்து, பொருந்தாவிடின் மறுத்துரைக்க இடமும் ஏற்பட்டது. எவர் சொல்லையும் அவர் சொன்னார் என்பதற்காகவே ஏற்றுக்கொள்ளற்க என்னும் கருத்துடைய இலத்தீன் தொடரே அக்கழகத்தின் குறிக்கோளுரை. ஆகவே, கட்டுரையின்மேல் நின்ற பெயர் கருத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படவில்லை. வினாவினை எங்கே கொண்டுசெல்வது எனக் காட்டும் முகவரியாகவே அது நின்றது. எழுத்து வடிவில் பிற அறிஞரின் மதிப்புரை பெற்று அச்சிடும் வழக்கம் அக்கழகத்தில் 1830களில்தான் நிலைபெற்றது. புகழ் வாய்ந்த 'நேச்சர்' இதழோ 1973 வரையில் அதனை எல்லாக் கட்டுரைக்கும் உரிய விதியாகக் கொள்ளவில்லை. இந்நாளில் தொன்றுதொட்டு வந்ததுபோல் பேசப்படும் மதிப்பீட்டுமுறை, உண்மையில் நம் ஆசிரியர் தலைமுறையில் பொதுவிதியானது என்பதனை மறவாதிருத்தல் நன்று.

எழுதும் பொறி என்னும் எண்ணம் அதனினும் பழைமையானது. ஜோனதன் சுவிப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' என்னும் நூலில், இலகாடோ நகரத்துக் கழகத்தில் அத்தகைய பொறி ஒன்று வருகின்றது. அந்நாட்டு மொழியின் சொற்களெல்லாம் தாளில் எழுதி மரக்கட்டைகளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். மாணவர் நாற்பதின்மர் இரும்புக் கைப்பிடிகளைத் திருகுவர். சொற்கள் இடம் மாறும். சில சொற்கள் கூடிப் பொருள்படுமாயின் அவற்றை எழுதிக்கொள்வர். கல்வியில்லாதவனும் சிறிது பொருட்செலவில் மெய்ந்நூலும் செய்யுளும் சட்டமும் கணக்கும் எழுதிவிடலாம் என்பது அக்கழகப் பேராசிரியரின் உறுதிமொழி. தம் காலத்து அறிஞரை எள்ளுதற்கே சுவிப்ட் இதனைப் புனைந்தார். ஆயினும் ஒன்று கருதற்பாலது. பொருள்படுகின்றதா, இல்லையா எனப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை அந்த நகைச்சுவைப் பொறியும் மாணவரிடமே விட்டுவைத்தது.

ஆக்கியோன் பெயரைப் பற்றிய வரலாற்றில் ஒரு பூனைக்கும் இடம் உண்டு. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்து இயற்பியலறிஞர் ஜாக் ஹெதரிங்டன், 1975இல் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழுக்கு ஹீலியம் பற்றிய கட்டுரை ஒன்றினைத் தட்டெழுதி முடித்தார். கட்டுரை முழுதும் தம்மை 'நாம்' என்றே குறித்திருந்தார். எழுதினவர் ஒருவராயின் இதழாசிரியர் அதனை ஒவ்வார் என உடன்பணிபுரிவார் ஒருவர் எச்சரித்தார். கட்டுரை முழுதையும் மறுபடியும் தட்டெழுதுதல் அந்நாளில் எளிய வேலையன்று. ஆதலின் அவர், தம் வீட்டுப் பூனையாகிய செஸ்டரை எப். டி. சி. வில்லார்டு என்னும் பெயரால் உடனாசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை அச்சேறியது. பின்னர் நண்பர்க்கு அனுப்பிய படிகள் சிலவற்றில் பூனையின் அடிச்சுவடும் கையொப்பமாக இடப்பட்டது. இக்கட்டுரையில் 'நாம்' என எழுதும் நமக்கு இவ்வரலாறு சிறிது கூச்சம் தருகின்றது. நம்முடன் பூனை எதுவும் இல்லை. ஒருவரே தம்மைப் பன்மையாற் கூறுதல் தமிழ் உரைமரபில் வழுவன்று என்பதே நமக்குப் பற்றுக்கோடு. பூனையின் பெயரால் ஆராய்ச்சிக்குக் கேடு ஒன்றும் விளையவில்லை. ஏன் எனின், கட்டுரையின் எப்பகுதியைப் பற்றி எவர் வினாவினும் விடைகூற ஹெதரிங்டன் இருந்தார்.

விடைகூற ஒருவரும் இல்லாத நிலை நேர்ந்ததே பின்னைய வரலாறு. 1981இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் சோதனை முடிவுகளைப் புனைந்தமை வெளிப்பட்டது. அவர்தம் கட்டுரைகளில் பெரியோர் பலர் உடனாசிரியராய் நின்றனர். பெயரைத் தந்தவர் அனைவரும் பொருளைப் பார்த்தவர் அல்லர் என்பது அப்போது விளங்கிற்று. 1978இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர் குழுவினர், 1985இல் யாரை ஆசிரியர் எனலாம் என்பதற்கு விதி வகுத்தனர். ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுதல் அல்லது திருத்துதல், அச்சேறும் வடிவினுக்கு ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்றனர். 2013இல் நான்காவது ஒன்றினைச் சேர்த்தனர். கட்டுரையின் எப்பகுதியின் செம்மை பற்றியேனும் ஐயம் எழுமாயின், அதனை ஆராய்ந்து தீர்க்கும் கடமையைத் தாம் ஏற்பதாக ஒவ்வோர் ஆசிரியரும் இசைதல் வேண்டும் என்பது அது. இந்நான்காம் விதியே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை. இதனை வகுத்தபோது பொறியை எவரும் நினைத்தாரல்லர். பெயரை மட்டும் தந்து நழுவும் மக்களையே நினைத்தனர். இரண்டாண்டு கழித்து, 2015இல், ஜெனீவாவின் துகள் ஆய்வுக்கூடத்திலிருந்து 5,154 ஆசிரியர் பெயருடன் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் ஆசிரியர், நிறுவனப் பெயர்களாகவே அமைந்தன. எப்பகுதிக்கு யார் விடைகூறுவர் என்பதனை அறிதல் மக்களிடையேயும் எளிதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இனிப் பொறியின் வரலாற்றுக்கு வருவாம். 2005இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து மாணவர் மூவர், 'சைஜென்' என்னும் மென்பொருளை இயற்றினர். கணிப்பொறி இயலின் கலைச்சொற்களை இலக்கணம் பிழையாமல் தொடுத்து, படமும் மேற்கோளும் சேர்த்து, பொருளே இல்லாத கட்டுரையை அது நொடியில் உண்டாக்கும். அங்ஙனம் உண்டான ஒன்றினை ஒரு கருத்தரங்கம் ஏற்றுக்கொண்டது. எதனையும் ஆராயாது ஏற்கும் கருத்தரங்குகளை எள்ளுதலே மாணவர் நோக்கம். ஆனால் எள்ளலாய்ப் பிறந்த கருவி மெய்யாகவே பயன்படலாயிற்று. 2014இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சிரில் லாபே என்பார், 120க்கு மேற்பட்ட சைஜென் கட்டுரைகள் பெரிய பதிப்பு நிறுவனங்கள் இரண்டன் தொகுப்புகளில் அமர்ந்திருத்தலைக் காட்டினார், அவை நீக்கப்பட்டன.

அவரே பிறர் இருவருடன் கூடி 2021இல் வெளியிட்ட ஆய்வு, மொழியறிஞராகிய நமக்கு மேலும் சுவை தருவது. ஆங்கில அறிவியல் இதழ்களில் விந்தையான தொடர்கள் பல அவர்கள் கண்ணிற்பட்டன. செயற்கை நுண்ணறிவு என நிற்கவேண்டிய இடத்தில் 'போலி நனவு' எனப் பொருள்படும் தொடர். மார்பகப் புற்று என நிற்கவேண்டிய இடத்தில் 'நெஞ்சத்து இடர்' எனப் பொருள்படும் தொடர். காரணம் யாது? பிறர் எழுத்தைக் கவர்ந்தோர், ஒப்புமை காணும் பொறியிடம் அகப்படாதிருக்க, சொல்தோறும் ஒருபொருட் பன்மொழியை இட்டு நிரப்பும் மென்பொருளைக் கையாண்டனர். கலைச்சொல்லுக்கு ஒருபொருட் பன்மொழி இல்லை என்பது அம்மென்பொருளுக்குத் தெரியவில்லை. 'உள்ளுறை உவமம்' என்பதனை 'அகத்தில் குடியிருக்கும் ஒப்பு' என்றும், 'வெட்சித்திணை' என்பதனை 'இட்டிலிப்பூ ஒழுக்கம்' என்றும் ஒருவர் எழுதிக் கொணர்ந்தால் நாம் எத்துணைத் திகைப்போம்! எனினும் அத்தகைய கட்டுரைகள் மதிப்பீட்டாளரையும் இதழாசிரியரையும் கடந்து அச்சேறியிருந்தன. எழுதினவர் படிக்கவில்லை, ஏற்றவரும் படிக்கவில்லை என்பதே இதன் பொருள். செயற்கை நுண்ணறிவு வந்து ஆராய்ச்சி நெறியைக் கெடுத்தது என இந்நாளில் கூறுவோர் இம்முன்வரலாற்றை நோக்குவாராக. ஓட்டை முன்னரே இருந்தது.

2022 நவம்பர் 15ஆம் நாள், மெட்டா நிறுவனம் 'கலாக்டிகா' என்னும் பொறியை ஆராய்ச்சியாளர்க்கென்றே வெளியிட்டது. இல்லாத ஆராய்ச்சியை உள்ளதுபோல் அது எழுதக் கண்ட அறிஞர் கடிந்துரைக்கவே, மூன்றாம் நாளிலேயே பொதுவழக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. அதன் பின் இரண்டு வாரத்துள் சாட்ஜிபிடி வந்தது. 2023 சனவரிக்குள், குறைந்தது நான்கு கட்டுரைகளில் அப்பொறியின் பெயரே உடனாசிரியராய்ப் பொறிக்கப்பட்டிருந்தது. அத்திங்களிலேயே 'நேச்சர்' இதழ், பொறியை ஆசிரியராக ஏற்பதில்லை எனவும், பயன்படுத்தினோர் அதனை வெளிப்படக் கூறல் வேண்டும் எனவும் அறிவித்தது. 'சயின்ஸ்' இதழின் தலைமை ஆசிரியர் ஹோல்டன் தார்ப் ஒருபடி மேற்சென்று, பொறி எழுதிய உரைப்பகுதியையே விலக்கினார். பிப்ரவரியில் பதிப்பு நெறிக் குழுவும், மே திங்களில் மருத்துவ இதழாசிரியர் குழுவும் பொறி ஆசிரியராகாது என்று உரைத்தன. நால்வரும் காட்டிய காரணம் ஒன்றே: பொறி விடைகூறும் கடமையை ஏற்க இயலாது. பூனையை விலக்க எவரும் விதி செய்யவில்லை. மக்களுக்கெனச் செய்த விதியே பொறியை விலக்கிற்று. 'சயின்ஸ்' இதழ் அதே ஆண்டு நவம்பரில் தன் விலக்கினைத் தளர்த்தி, எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதனைக் கட்டுரையில் கூறின் ஏற்கலாம் என மாற்றிக்கொண்டது.

வெளிப்படக் கூறுதல் போதுமா என்பதே அடுத்த வினா. போதாது என்பதற்கு 2024 பிப்ரவரியில் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். பிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் உயிரணு இயல் இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையின் படங்கள் பொறியால் வரையப்பட்டவை. அதனை ஆசிரியர்கள் மறைக்கவுமில்லை. 'மிட்ஜர்னி' என்னும் பொறியால் வரைந்தோம் எனக் கட்டுரையிலேயே எழுதியிருந்தனர். படத்தில் இருந்த எலியோ உறுப்பளவு சிறிதும் பொருந்தாதது. உறுப்புகளுக்கு இட்ட பெயர்கள் எம்மொழியிலும் பொருளில்லாதவை. மதிப்பீட்டாளருள் ஒருவர் படம் பற்றி ஐயம் எழுப்பியதாகவும், அதற்கு ஆசிரியர் விடையிறுக்கவில்லை எனவும் பதிப்பகமே பின்னர்க் கூறிற்று. விடை வராமலே கட்டுரை அச்சேறியது. சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் வேறோர் இதழில், 'தங்கள் பொருளுக்குரிய முன்னுரை ஒன்று இதோ' என்னும் கருத்துப்படப் பொறி கூறிய ஏவல்மொழியோடு தொடங்கிய கட்டுரையும் வெளிவந்தது. முதல் வரியைக்கூட எவரும் படிக்கவில்லை என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

பொறி பொய் கூறுகின்றது என்பர். அங்ஙனம் கூறுதல் பொருந்துமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. பெரும் நூற்பரப்பினைப் பயின்று, ஒரு தொடரில் அடுத்து வரத்தக்க சொல் யாது எனக் கணக்கிட்டுத் தொடுப்பதே அதன் தொழில். மேற்கோள் என்பதும் அதற்கு ஒரு வடிவமே. ஆசிரியர் பெயர், ஆண்டு, நூற்பெயர், பக்கம் என்னும் அடைவில் எவை வந்தால் இயல்பாய்த் தோன்றுமோ அவற்றை அது வைக்கும். அந்நூல் உண்டா என்பது அதன் கணக்கினுள் இல்லை. இப்பொழுது சில பொறிகள் இணையத்தில் தேடி மூலத்தைச் சுட்டவும் வல்லன. எனினும், சுட்டிய மூலம் அக்கருத்தைக் கூறுகின்றதா என்பதனைத் திறந்து பார்த்தாலன்றி அறிதல் இயலாது.

இஃது அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய இடர் அன்று. அண்மையில் நம் கைக்கு வந்த ஆய்வேட்டு இயல் ஒன்றில், புறநானூற்று 267ஆம் பாட்டின் திணை கரந்தை எனக் குறித்து, பாடியவர் பெயரும் தந்து, பாட்டின் கருத்தினை ஒரு பத்தியளவு விரித்தெழுதியிருந்தது. நடை செம்மையாகவே இருந்தது. ஆயின் அந்நூலின் 267, 268ஆம் பாட்டுகள் இறந்துபட்டன, உ. வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்தபோதும் அவை ஏடுகளில் கிடைக்கவில்லை. மாணவரை அழைத்து வினவினோம். பொறியிடம் கேட்டதாக ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அவர் பொய்யுரைக்க எண்ணியவர் அல்லர். நூலைத் திறவாதவர், அவ்வளவே. நம்மை வருத்தியது வேறொன்று. அவ்வியலை நமக்கு முன்னர்ப் படித்தோர் இருவர் உளர். இருவரும் அப்பத்தியைக் கடந்து சென்றிருந்தனர். நாமும் எண்ணினைக் கண்டு நின்றோமேயன்றி, நடையைக் கண்டு ஐயுற்றோம் அல்லோம். எண் வேறாக இருந்திருப்பின் நாமும் கடந்திருப்போம்.

இத்தகைய பிழை ஒருமுறை அச்சேறினால் பின்னர் என்னாகும்? இதற்கு விடை ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியில் பழகியவர்க்கு எளிதில் விளங்கும். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவின. இவற்றால் விளைந்த மயக்கத்தைப் படியெடுத்தோர் வழிவழி எழுதி வந்தனர். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின் அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் துணிவர். பிழையே மரபுவழியைக் காட்டும் சான்றாகின்றது.

இம்முறையினை அப்படியே பொருத்திக் காணத்தக்க நிகழ்ச்சி ஒன்று அண்மையில் வெளிப்பட்டது. ஆங்கில அறிவியல் கட்டுரைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றில் 'தாவர வளர்ச்சி எலக்ட்ரான் நுண்ணோக்கியல்' என்றாற்போன்ற ஒரு தொடர் காணப்பட்டது. அப்படி ஒரு நுண்ணோக்கியல் உலகில் இல்லை. தேடியபோது இரண்டு ஊற்றுகள் தென்பட்டன. 1959இல் நுண்ணுயிரியல் இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையின் பக்கம் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டிருந்தது. அதனைக் கணிப்பொறியில் ஏற்றியபோது, இடப்பத்தியின் ஒரு சொல்லும் வலப்பத்தியின் இரு சொற்களும் ஒரே வரியாகக் கூடிவிட்டன. மற்றோர் ஊற்று பாரசீக மொழி. அம்மொழியில் 'வருடிப் பார்க்கும்' என்னும் சொல்லுக்கும் 'தாவர வளர்ச்சிக்குரிய' என்னும் சொல்லுக்கும் எழுத்து வடிவில் ஒரு புள்ளியே வேற்றுமை. புள்ளி மயங்கியதனால், மொழிபெயர்ப்பில் இத்தொடர் நுழைந்தது என்பர். புள்ளி இடாமையால் நம் பழம்பாடல்கள் பட்ட பாட்டினை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. 2025இல் ஆராய்ந்தோர், எழுதும் பொறிகள் சிலவற்றிடம் அக்கட்டுரையின் சொற்களைக் கொடுத்தபோது, அவை இப்பொருளில் தொடரையே இட்டு வாக்கியத்தை நிரப்பக் கண்டனர். பழைய அச்சுப்பிழை பொறியின் பயிற்சிப் பரப்பினுள் நிலைகொண்டுவிட்டது. ஒரு பதிப்பகம் தன் இதழிற்கண்ட இத்தொடரைப் பிழையன்று என வாதிட்டுப் பின்னரே திருத்தம் வெளியிட்டது.

ஏடெழுதினோருக்கும் பொறிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏடெழுதினோர் பலர் இறுதியில் தம் பெயரும் எழுதி முடித்த நாளும் பொறித்து, பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுவர். அவ்விறுதிக் குறிப்பினால் இன்று நாம் ஏட்டின் வயதையும் வழியையும் அறிகின்றோம். பொறி எழுதிய பத்திக்கு அத்தகைய குறிப்பு இல்லை. அதனை இடவேண்டியவர் பயன்படுத்துபவரே. எப்பொறி, எந்நாள், எவ்வேலைக்கு என்பன எழுதப்படுமாயின் பின்வரும் பதிப்பாசிரியர்க்கு அது பெருந்துணையாகும். குறிப்பு இடுதலைக் குற்ற ஒப்புதல்போல் கருதி நாணும் மனப்பான்மை நம்மிடையே உள்ளது. இதழாசிரியராகிய நாமே அதற்குக் காரணம். பொறியின் துணையை ஒருவர் வெளிப்படக் கூறியவுடன் கட்டுரையைக் குறைவாக மதித்தால், அடுத்தவர் கூறமாட்டார்.

பொறி எழுதியதைப் பொறியே கண்டுபிடித்துவிடும் என நம்புவோர் உளர். சாட்ஜிபிடியை இயற்றிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் அத்தகைய கருவி ஒன்றினை வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் நூற்றுக்கு 26ஐயே அது கண்டறிந்தது. மக்கள் எழுதியவற்றுள் நூற்றுக்கு 9ஐப் பொறியினது எனப் பிழையாகக் கூறிற்று. இவ்வளவினைத் தாமே வெளியிட்ட அந்நிறுவனத்தார், அரையாண்டில் அதனை விலக்கிக்கொண்டனர். அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இத்தகைய கருவிகள் ஏழினைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அக்கருவிகள் பொறி எழுதியவை எனத் தவறாய்க் குற்றஞ்சாட்டின. எளிய சொற்களால் அளவாக எழுதுதலே அவர்கள் செய்த குற்றம். இதனைத் தமிழ்நாட்டு ஆய்வாளர் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் அடக்கமாக எழுதும் நம் மாணவரே இக்கருவிகளுக்கு முதலில் இரையாவர். கருவியின் எண்ணிக்கையை மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவர் பட்டத்தை மறுத்தல் நீதியன்று. அழைத்து வினவுதலே நெறி. தாம் எழுதியதனைத் தாமே விளக்க வல்லவர் யார் என்பது கால்நாழிகைப் பேச்சில் புலப்பட்டுவிடும்.

இதுகாறும் கூறியவற்றால் நாம் பொறியின் பகைவர் எனக் கருதுவார் உளராயின், கல்வெட்டாய்வினின்று ஒன்று கூறுவாம். 2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் 'இத்தாகா' என்னும் பொறி பற்றிய கட்டுரை வெளிவந்தது. சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளில் மறைந்த எழுத்துகளை ஊகித்தல் அதன் பணி. வரலாற்றறிஞர் தாமே ஊகித்தபோது நூற்றுக்கு 25 சரியாயின. பொறி தனித்து 62 சரியாகக் கூறிற்று. பொறியின் ஊகங்களை முன்வைத்துக்கொண்டு அறிஞர் முடிவுசெய்தபோது 72 சரியாயின. இவ்வெண்கள் நம்மைத் தலைகுனியச் செய்வனவும் ஆகும், தலைநிமிரச் செய்வனவும் ஆகும். அப்பொறி ஒரே விடையைத் திணிப்பதில்லை. ஊகங்கள் பலவற்றை, அவ்வவற்றின் உறுதியளவோடு வரிசைப்படுத்தி வைக்கும். தேர்ந்தெடுப்பவர் அறிஞரே, தேர்ந்ததற்குக் காரணம் கூறுபவரும் அவரே. நம் நடுகற்களும் கோயிற் கல்வெட்டுகளும் இத்தகைய துணைக்குக் காத்துக்கிடக்கின்றன.

மதிப்பீட்டாளர் பொறியைத் துணைக்கொள்ளலாமா என்பதிலோ நாம் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனங்கள் 2023 சூனில், ஆய்வுநிதி விண்ணப்பங்களை மதிப்பிடுவோர் அவற்றைப் பொறியிடம் கொடுத்தலை விலக்கின. பிறர் நம்பிக்கையாய் ஒப்படைத்த எழுத்து எங்குச் சென்று சேரும் என அறியாமல் அதனைப் பொறியில் இடுதல் மறைபொருள் காக்கும் கடமைக்கு மாறு என்பது அவர்கள் கூறிய காரணம். 2025 சூலையில் வெளிப்பட்ட செய்தியோ விந்தையினும் விந்தை. இதழுக்கு முன்னர் இணையத்தில் ஏற்றப்பட்ட கட்டுரைகள் சிலவற்றில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல், 'இக்கட்டுரையைப் புகழ்ந்தே மதிப்பிடுக' என்னும் கருத்துடைய கட்டளை பொறிகளுக்கென ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அங்ஙனம் செய்தோருள் சிலர், படிக்காமல் பொறியிடம் தரும் மதிப்பீட்டாளரைப் பிடிக்கவே பொறி வைத்தோம் என்றனர். எழுதுபவர் பொறியினால் எழுத, மதிப்பிடுபவர் பொறியினால் மதிப்பிட, அரங்கேற்ற அவையில் இரண்டு இருக்கைகளும் வெறுமையாய்க் கிடக்கும் காட்சியினை இது நம் கண்முன் நிறுத்துகின்றது.

நம் துறை இதழ்கள் மேற்கொள்ளத்தக்க முறை ஒன்றினை மட்டும் சொல்லி அமைவாம். மேற்கோள் ஒவ்வொன்றற்கும், எழுதினவர் தாம் கண்ணாற் பார்த்த பதிப்பின் ஆண்டும் பக்கமும் தருதல் வேண்டும். வேறொருவர் நூலின்வழி அறிந்ததாயின் அதனையும் கூறல் வேண்டும். இது புது விதியன்று. நம் ஆசிரியப் பெருமக்கள் வற்புறுத்தியதே, நாம் நெகிழவிட்டதே. பொறியிடம் கேட்டறிந்தவரும் இவ்விதியை நிறைவேற்றலாம். ஆனால் நூலைத் திறவாமல் நிறைவேற்ற இயலாது. இதழாசிரியரும் கட்டுரைக்கு ஐந்து மேற்கோளையேனும் தாமே எடுத்துச் சரிபார்த்தல் வேண்டும். உழைப்பு மிகுதியே, இதழ் காலாண்டுக்கு ஒன்று என்பது அரையாண்டுக்கு ஒன்று ஆகவும் கூடும். ஆகட்டும்.

மேலே கூறிய மாணவர் பத்து நாள் கழித்து இயலைத் திருத்திக் கொணர்ந்தார். 267ஆம் பாட்டினைப் பற்றிய பத்தி அதில் இல்லை. அவ்விடத்தில், 266ஆம் பாட்டிற்கும் 269ஆம் பாட்டிற்கும் இடையே இரண்டு பாட்டுகள் இறந்துபட்டன என்னும் அடிக்குறிப்பும், அதன்கீழ் அவர் நூலகத்தில் பார்த்த பதிப்பின் ஆண்டும் பக்கமும், பார்த்த நாளும் எழுதப்பட்டிருந்தன.